முகம் காட்டும் மின்னொளி

நம் வீடுகளின் கூடத்தில் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் பெரியவர்களின் படங்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அவற்றுள் பல, அவர்களுக்கென்றே எடுக்கப்பட்ட படங்கள் அல்ல. ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்தோ, வாக்காளர் அடையாள அட்டையிலிருந்தோ வெட்டிப் பெருக்கப்பட்டவை. எங்கள் தாத்தாவின் படமும் அப்படிப்பட்டதே. குடும்ப அட்டைக்காக எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கியபோது மூக்கும் உதடும் கரைந்து போயின. "இவுக இப்பிடியா இருந்தாக?" என்று அப்பத்தா அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

அப்பத்தாவுக்கு எண்பது வயது நிறைந்த அன்று, அதே தவறு மறுபடி நேரக்கூடாது என்று நினைத்தேன். கல்லூரியில் ஒளியியல் நடத்துபவன் நான். கையில் நல்ல காமிரா. அதன் தலையில் பொருத்திய ஃபிளாஷ். இரவு நேரம்; இருண்ட வாசற்படிக்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினேன். படத்தைக் காட்டியதும் அப்பத்தா சிரித்துவிட்டார். "ஏய்யா, இது யாருய்யா? சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரியில்ல இருக்கேன்!"

அவர் சொன்னது முற்றிலும் சரி. முகம் வெளுத்துத் தட்டையாக இருந்தது. கன்னத்தின் சுருக்கங்கள் மறைந்திருந்தன. மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் கண்களையே மறைத்துவிட்டன. விலையுயர்ந்த கருவியும் எம்.எஸ்ஸி. பட்டமும் சேர்ந்து, அடையாள அட்டைப் படத்தைவிடச் சிறந்த ஒன்றைத் தரவில்லை. குற்றம் கருவியில் இல்லை. ஒளி வந்த திசையில் இருந்தது. அந்த ஃபிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதைப் பின்னர் ஒரு மாதம் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். அதற்குத் தேவைப்பட்ட இயற்பியல் முழுவதும் மேல்நிலைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கைக்குள் ஒரு மின்னல்

கணநேர ஒளியைக் கொண்டு படமெடுக்கும் எண்ணம் மிகப் பழையது. 1851-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் டால்பட், வேகமாகச் சுழலும் சக்கரத்தில் செய்தித்தாளின் ஒரு பகுதியை ஒட்டி, லெய்டன் ஜாடிகளில் சேமித்த மின்னூட்டத்தின் தீப்பொறி ஒளியில் அதைப் படமெடுத்துக் காட்டினார். எழுத்துகள் அசையாமல் விழுந்தன. 1880-களில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி பெறும் முறை வந்தது. நியூயார்க் நகரச் சேரிகளின் இருட்டறைகளை ஜேக்கப் ரீஸ் உலகுக்குக் காட்டியது இத்தகைய பொடியின் உதவியால்தான். புகையும் தீ விபத்தும் அதன் உடன்பிறப்புகள். 1930-ஐ ஒட்டி, கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் ஃபிளாஷ் பல்புகள் வந்தன. ஒரு படத்துக்கு ஒரு பல்பு தீரும். 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்கர்ட்டன் மின்னணு ஃபிளாஷை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் கையாள்வது அதன் வழித்தோன்றலே.

இதன் உள்ளே இருப்பவை மூன்று: ஒரு மின்தேக்கி, செனான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழல், குழலைத் தூண்டும் ஒரு சுருள். பென்சில் மின்கலங்களின் சில வோல்ட்டுகளை ஒரு மின்சுற்று ஏறக்குறைய 300 வோல்ட்டாக உயர்த்தி மின்தேக்கியில் நிரப்புகிறது. நாம் பொத்தானை அழுத்தியதும், தூண்டு சுருள் பல ஆயிரம் வோல்ட் துடிப்பொன்றைக் குழலின் மேல் செலுத்துகிறது. செனான் அயனியாகி மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. மின்தேக்கியில் இருந்த ஆற்றல் முழுவதும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பாய்ந்து முடிகிறது.

இதன் அளவைக் கணக்கிடுவோமா? மின்தேக்கியின் திறன் 1000 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். மின்னழுத்தம் 300 வோல்ட். சேமிப்பு ஆற்றல், மின்தேக்குத் திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கிய தொகையில் பாதி. அதாவது 45 ஜூல். இது மிகச் சிறிய ஆற்றல். 45 வாட் பல்பு ஒன்று ஒரு நொடியில் செலவழிப்பது. ஆனால் அதையே ஆயிரத்தில் ஒரு நொடியில் செலவழித்தால், அந்தக் கணத்தின் திறன் 45 கிலோவாட். கிணற்றடியில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பன்னிரண்டு ஒருசேர ஓடுவதற்கு ஒப்பான திறன் அது! உள்ளங்கை அளவுள்ள பெட்டி அறை முழுவதையும் வெளிச்சமாக்கும் இரகசியம் இதுவே.

முகம் ஏன் தட்டையாகிறது?

முழுநிலாவையும் அரைநிலாவையும் எண்ணிப் பாருங்கள். முழுநிலா நாளில் சூரியன் ஏறக்குறைய நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலவின் மேல் ஒளி வீசுகிறது. நிலவின் மலைகளும் குழிகளும் தம் நிழல்களைத் தமக்குப் பின்னாலேயே ஒளித்துக்கொள்வதால், நமக்குத் தெரிவது தட்டையான வட்டத் தட்டு. அரைநிலா நாளிலோ ஒளி பக்கவாட்டில் விழுகிறது. சிறு தொலைநோக்கி வழியாகப் பார்த்தால், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு குழியும் தன் நிழலால் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

முகமும் ஒரு நிலப்பரப்புதான். நெற்றி மேடு, கண்குழி, மூக்கென்னும் மலை, கன்னச் சரிவு. காமிராவின் தலையில் ஃபிளாஷ் இருக்கும்போது, நாம் பார்க்கும் திசையும் ஒளி செல்லும் திசையும் ஒன்றே. நிழல்கள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் போய்விடுகின்றன. நிழல் இல்லையேல் வடிவம் இல்லை. நான் எடுத்தது அப்பத்தாவின் முழுநிலாப் படம். வேண்டியது அரைநிலாவுக்கும் முழுநிலாவுக்கும் இடைப்பட்ட ஒரு வளர்பிறை.

ஆகவே முதல் வேலை, ஃபிளாஷைக் கழற்றி அப்பால் வைப்பது. அதைக் காமிராவோடு இணைக்க இன்று மூன்று வழிகள் உள்ளன. நீண்ட கம்பி ஒன்று. மற்றொரு ஃபிளாஷின் ஒளியைக் கண்டு தானும் எரியும் ஒளியுணர் கருவி இரண்டாவது. காமிரா மேல் ஓர் அனுப்பியும் ஃபிளாஷின் அடியில் ஒரு வாங்கியுமாக இயங்கும் ரேடியோ டிரிக்கர் மூன்றாவது. கம்பி காலில் தட்டும். ரேடியோ முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கே வைப்பது? நம் கண்கள் பழகியது மேலிருந்து வரும் சூரிய ஒளிக்கு. கீழிருந்து ஒளி பட்டால் திரைப்படத்துப் பேய் போலத் தோன்றுவது அதனால்தான். எனவே ஒளி கண் மட்டத்துக்கு மேலிருந்து வரவேண்டும். காமிராவிலிருந்து ஒரு பக்கமாக 45 பாகை விலகியிருந்தால் நன்று. நான் கையாண்ட அளவு எளியது: முகத்திலிருந்து கிடைத்தூரம் 1 மீட்டர், கண் மட்டத்துக்கு மேல் உயரம் முக்கால் மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி நேர்த்தூரம் ஒன்றேகால் மீட்டர். ஒளி சரியான இடத்தில் இருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மூக்கின் நிழல் கீழ்நோக்கிச் சரிந்து கன்ன நிழலோடு சேரும்போது, மறுபக்கக் கண்ணின் கீழே சிறு முக்கோணமாக ஒளி தங்கும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் உருவப்படங்களில் இதைக் காணலாம். இவ்வகை ஒளிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஓர் அடிக்கு என்ன மதிப்பு?

சிறிய ஒளிமூலத்திலிருந்து விலக விலக, ஒளிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் கூறிய விதி இது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இவ்விதி, படமெடுக்கும்போது கையில் பிடிக்கும் கருவியாகிறது.

முகத்துக்கு நேர் பின்னே 1 மீட்டரில் சுவர் இருப்பதாகக் கொள்வோம். ஃபிளாஷ் முகத்திலிருந்து 1 மீட்டரில் இருந்தால், சுவருக்கு அது 2 மீட்டர். சுவரில் விழும் ஒளி முகத்தில் விழுவதில் நாலில் ஒரு பங்கு. ஃபிளாஷை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் சுவர் மூன்று மடங்கு தூரத்தில் நிற்கும். ஒளி ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர் கருஞ்சாம்பலாகிவிடும். ஃபிளாஷை 3 மீட்டருக்கு நகர்த்தினால் சுவருக்கு 4 மீட்டர். பதினாறில் ஒன்பது பங்கு ஒளி. சுவர் வெளிறித் தெரியும். சுவருக்கு வர்ணம் பூசாமலே அதன் நிறத்தை மாற்றிவிட்டோம்!

இரண்டு பிள்ளைகளை அருகருகே உட்காரவைத்துப் படமெடுக்கும்போது இதே விதி இடையூறும் செய்யும். பக்கவாட்டு ஃபிளாஷ் முதற்பிள்ளைக்கு 1 மீட்டரிலும் அடுத்த பிள்ளைக்கு ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், இரண்டாமவனுக்குக் கிடைப்பது முதலாமவனுக்குக் கிடைத்ததில் 44 விழுக்காடே. ஃபிளாஷை 3 மீட்டருக்குத் தள்ளினால் அது 73 விழுக்காடாகிவிடும். கூட்டமாக எடுக்கும் படத்துக்கு விளக்கைத் தள்ளி வைக்கவேண்டும் என்பதன் காரணம் இது.

ஃபிளாஷ் வாங்கும்போது அதன் அட்டையில் கைடு நம்பர் என்னும் வழிகாட்டு எண் இருக்கும். தூரத்தையும் லென்ஸ் துளையின் எஃப் எண்ணையும் பெருக்கினால் வரவேண்டிய எண் அது. வழிகாட்டு எண் 40 எனில் 5 மீட்டருக்கு எஃப் 8. இரண்டரை மீட்டருக்கு எஃப் 16. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும். எஃப் எண் பாதியானால் துளையின் பரப்பு நாலு மடங்காகும். இரண்டும் இருமடியாகவே மாறுவதால் பெருக்குத்தொகை மாறாதிருக்கிறது. லென்ஸில் காணும் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்ற வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். ஃபிளாஷை 1.4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கும், அங்கிருந்து 2.8 மீட்டருக்கும் நகர்த்தினாலும் அப்படியே பாதி பாதியாகக் குறையும். ஒரே வாய்ப்பாடு இரண்டு இடத்தில் பயன்படுகிறது.

வேட்டி செய்த வேலை

ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த எனது இரண்டாவது படம் முதலாவதைவிட மோசம். ஒரு பாதி முகம் வெளிச்சம். மறு பாதி கரி. மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியது போல் கன்னத்தில் கிடந்தது. "கோவமா இருக்குற மாதிரி இருக்கேன்" என்றார் அப்பத்தா.

நிழலின் ஓரம் கூர்மையாக இருப்பதும் மென்மையாக இருப்பதும் எதைப் பொறுத்தது? ஒளிமூலம் புள்ளியாக இருந்தால் கருநிழல் மட்டும் விழும்; அகன்றதாக இருந்தால் கருநிழலைச் சுற்றிப் புறநிழலும் விழும் என்று படித்திருக்கிறோம். புறநிழலின் அகலத்தை ஒத்த முக்கோணங்களைக் கொண்டு எளிதில் கணக்கிடலாம். ஒளிமூலத்தின் அகலத்தை அதன் தூரத்தால் வகுத்து, நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கவேண்டும்.

மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர் என்போம். ஃபிளாஷின் முகப்பு 7 சென்டிமீட்டர். தூரம் 125 சென்டிமீட்டர். புறநிழலின் அகலம் 1.4 மில்லிமீட்டர். கத்தி வெட்டுப் போன்ற ஓரம்தான். ஒளிமூலத்தின் அகலம் 1 மீட்டராக இருந்தால்? புறநிழல் 2 சென்டிமீட்டர் பரவும். ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். "பெரிய விளக்கு என்றால் மென்மையான ஒளி" என்பது பாதி உண்மையே. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீட்டர். ஆயினும் அது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், மூக்கு நிழலின் ஓரம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. உச்சிவெயிலில் எடுத்த படங்கள் கடுமையாக இருப்பதன் காரணம் புரிகிறதா? அகலத்தைத் தனியே பார்த்துப் பயனில்லை. அகலத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்க்கவேண்டும். பெரிய ஒளிமூலத்தையும் தொலைவில் கொண்டுபோய் வைத்தால் அதன் மென்மை போய்விடும்.

ஒரு மீட்டர் அகல ஒளிமூலத்துக்கு எங்கே போவது? ஒளிப்பட நிலையங்களில் வெள்ளைக் குடைகள் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் எட்டு முழ வெள்ளை வேட்டி. கூடத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி வேட்டியைத் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் 1 மீட்டர் தள்ளி, ஏணியின் மேல்படியில் ஃபிளாஷ். வேட்டியில் ஏறக்குறைய 1 மீட்டர் அகலத்துக்கு ஒளி பரவியது. இப்போது அப்பத்தாவின் முகத்துக்கு ஒளி தருவது ஃபிளாஷ் அன்று, வேட்டியே. துணி ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுவதால் ஃபிளாஷின் திறனைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றொன்றும் சொல்லவேண்டும்: ஒளிமூலம் அகன்று, முகத்துக்கு மிக அருகில் இருக்கும்போது இருமடி விதி அப்படியே பொருந்தாது, ஒளி அதைவிட மெதுவாகக் குறையும். வழிகாட்டு எண்ணைக் கொண்டு தொடங்கி, சோதனைப் படங்களால் திருத்திக்கொள்வதே வழி.

மறுபக்கக் கன்னத்தின் இருளைக் குறைக்க, ஒரு தெர்மகோல் அட்டையை அந்தப் பக்கம் முகத்தருகே நிறுத்தினேன். அது தன்மேல் விழுந்த ஒளியைச் சிதறடித்து முகத்துக்குத் திருப்பியனுப்பியது. அருகே கொண்டுவந்தால் நிழல் இளகும். தள்ளி வைத்தால் இறுகும். இதற்குச் செலவு சில ரூபாய்களே.

வெள்ளைச் சுவரில் ஃபிளாஷை அடித்துத் திரும்பி வரும் ஒளியையும் பயன்படுத்தலாம். ஆனால் சுவர் உண்மையிலேயே வெள்ளையாக இருக்கவேண்டும். எங்கள் உள்ளறையின் பச்சைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். அப்பத்தாவின் கன்னத்தில் பாசி படர்ந்தது போலிருந்தது.

ஒரே படத்தில் இரண்டு ஒளிகள்

புதிதாகப் பழகுவோர் குழம்பும் இடம் இது. ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடியில் எரிந்து முடிகிறது. காமிராவின் ஷட்டர் 125-இல் ஒரு நொடி திறந்திருந்தாலும், 30-இல் ஒரு நொடி திறந்திருந்தாலும், அதற்குள் புகும் ஃபிளாஷ் ஒளி ஒரே அளவுதான். ஆனால் அறையின் விளக்கொளி தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கேற்ப அது கூடும், குறையும். எனவே ஒவ்வொரு ஃபிளாஷ் படமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இரண்டு படங்களே. லென்ஸ் துளையும் ஐ.எஸ்.ஓ. எண்ணும் இரண்டையும் மாற்றும். ஷட்டர் நேரம் அறையொளியை மட்டும் மாற்றும். ஃபிளாஷின் திறனும் தூரமும் ஃபிளாஷ் ஒளியை மட்டும் மாற்றும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

பழகும் முறை இது. எல்லாவற்றையும் கையால் அமைக்கும் நிலைக்குக் காமிராவையும் ஃபிளாஷையும் மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 125-இல் ஒரு நொடி, எஃப் 5.6 என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். வீட்டு விளக்கில் படம் ஏறக்குறைய கறுப்பாக வரும். நல்லது, அறையொளி விலக்கப்பட்டுவிட்டது. பிறகு ஃபிளாஷைக் குறைந்த திறனில் வைத்துத் தொடங்கி, படிப்படியாக இரட்டித்துக்கொண்டே போங்கள். என் வேட்டிக்கு அரைத் திறன் பொருந்தியது. பின்னணியில் எரியும் குத்துவிளக்கின் ஒளியும் படத்தில் தெரியவேண்டுமா? காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை மட்டும் 8-இல் ஒரு நொடிக்கு இறக்குங்கள். முகத்தின் ஒளி அவ்வளவாக மாறாது. பின்னணி மெல்ல விழித்துக்கொள்ளும்.

ஷட்டரை விருப்பம்போல் விரைவாக்க முடியாது. பெரும்பாலான காமிராக்களில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஏறக்குறைய 200-இல் ஒரு நொடியைவிட விரைவானால், முதல் திரை முழுவதும் விலகுமுன் இரண்டாவது மூடத் தொடங்கிவிடும். அந்தக் கணத்தில் ஃபிளாஷ் எரிந்தால் படத்தின் ஒரு பகுதி கருப்புப் பட்டையாக நிற்கும். அது கருவியின் பழுது அன்று.

கண்ணாடியும் கண்ணும்

மூக்குக்கண்ணாடியில் தோன்றும் வெள்ளைப் பொட்டு, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதியின் விளைவு. ஃபிளாஷை உயர்த்தினால் எதிரொளித்த கதிர் தரையை நோக்கிப் போய்விடும். எங்கள் வேட்டி அகன்றதாகையால் அதன் கீழ்ப்பகுதி இன்னமும் கண்ணாடியில் மின்னிற்று. சமதள ஆடியைத் திருப்பினால் எதிரொளிப்புக் கதிர் அதைப்போல் இரு மடங்கு கோணம் திரும்பும் என்பது நினைவுக்கு வந்தது. கண்ணாடியின் காதுப்பிடிகளைக் காதின் மேல் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னேன். கண்ணாடி 5 பாகை சாய்ந்தது. கதிர் 10 பாகை விலகியது. பொட்டு மறைந்து கண்கள் தெரிந்தன.

இரவில் எடுத்த படங்களில் கண் சிவப்பாகத் தெரிவதும் ஒளியின் திசையால் வருவதே. இருட்டில் கண்பாவை விரிந்திருக்கும். லென்ஸை ஒட்டியே உள்ள ஃபிளாஷின் ஒளி பாவை வழியே புகுந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்த விழியின் பின்புறத்தில் பட்டு, வந்த வழியே திரும்பி லென்ஸுக்குள் நுழைகிறது. ஃபிளாஷைத் தள்ளி வைத்தால் திரும்பும் ஒளி லென்ஸை அடையாது; சிவப்பும் இராது.

கருவி அறியாத நிறம்

ஃபிளாஷின் ஒளியளவைக் காமிராவே முடிவு செய்யும் தானியங்கி முறையும் உண்டு. அதை முழுமையாக நம்பினால் என்ன ஆகும்? தன் எதிரே இருப்பவை எல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் கருவி கணக்கிடுகிறது. இருண்ட வாசற்படியின் முன் எடுத்த முதல் படத்தில், எதிரே எல்லாம் கறுப்பு என்று எண்ணி ஒளியை அள்ளிக் கொட்டியது, முகம் சுண்ணாம்பாயிற்று. மறுநாள் வெள்ளைச் சேலையில், வெள்ளைச் சுவரின் முன் உட்காரவைத்து எடுத்தபோது, எல்லாம் மிகை வெளிச்சம் என்று எண்ணி ஒளியைச் சுருக்கியது. முகம் இருண்டு போயிற்று. அப்பத்தாவின் மாநிறம் இரண்டிலும் இல்லை. அதைக் கருவி அறியாது. அளவைக் கையால் அமைக்கும் நாம்தான் அறிவோம்.

கறுத்த முகத்தை வெளுக்க வைப்பதே நல்ல படம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறியிருக்கிறது. கைப்பேசிகளில் அதற்கென்றே வசதிகள் உண்டு. ஆனால் கரிய தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. அகன்ற ஒளிமூலம் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் நீண்ட, மெல்லிய ஒளித்தடங்களாக எதிரொளித்து வடிவத்தைக் காட்டும். முகத்தை வெளுக்க வைக்க ஒளியைக் கூட்டும்போது முதலில் அழிவது அந்தத் தடங்களே. முகம் உள்ளபடி விழ, ஒளியின் அளவைவிடத் திசையும் அகலமுமே முக்கியம்.

ஃபிளாஷ் இல்லாதவர்களுக்கு

மாணவர்களே, இவற்றைச் சோதிக்க ஃபிளாஷ் வாங்கவேண்டியதில்லை. பழுப்பு ஓடுள்ள ஒரு நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிசைந்த கோதுமை மாவில் சிறு மூக்கு செய்து ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச் விளக்கை முட்டைக்கு நேரே, பக்கத்தில், மேலே, கீழே என்று நகர்த்திப் பாருங்கள். பிறகு விளக்குக்கும் முட்டைக்கும் இடையே வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளை முட்டைக்கு அருகிலும் தொலைவிலும் நகர்த்தி, மூக்கு நிழலின் ஓரத்தைக் கவனியுங்கள். மறுபுறம் இன்னொரு தாளை நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில், உருவப்பட ஒளியின் அடிப்படை முழுவதையும் ஒரு முட்டை கற்றுக்கொடுத்துவிடும். முட்டையும் வீணாவதில்லை!

ஃபிளாஷ் வைத்திருப்போருக்குச் சில எச்சரிக்கைகள். பழுதான ஃபிளாஷை எக்காரணம் கொண்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். மின்கலங்களை எடுத்த பிறகும் மின்தேக்கியில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். பரணிலிருந்து எடுத்த பழைய ஃபிளாஷைப் புதிய காமிராவில் நேரே பொருத்தாதீர்கள். அத்தகைய சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருப்பதுண்டு, காமிரா கெடும். துணியை ஃபிளாஷின் முகப்பின்மேல் நேரே சுற்றாதீர்கள். முழுத் திறனில் தொடர்ந்து எரித்தால் முகப்பு நன்கு சூடேறும். கண்ணுக்கு மிக அருகில் வைத்து எரிக்கவும் வேண்டாம்.

கடைசிப் படம்

ஒரு மாதத்தில் அப்பத்தாவுக்கு அலுத்துவிட்டது. "ஒரு படத்துக்கு இத்தனை பாடா? மாலை போடத்தானே எடுக்குற, எப்பிடி இருந்தா என்ன?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வேட்டி தொங்கியது, தெர்மகோல் நின்றது, அளவுகள் எல்லாம் அமைந்திருந்தன. நிமிர்ந்து உட்காருங்கள், சிரியுங்கள் என்று சொல்வதை அன்று விட்டுவிட்டேன். அவர் என்னை மறந்து உரலில் வெற்றிலை இடிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதோ கேட்க, தலை தூக்கிப் பார்த்தார். அப்போது பொத்தானை அழுத்தினேன்.

படத்தில் கண்ணுக்குக் கீழே அந்தச் சிறு முக்கோண ஒளி இருந்தது. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருந்தன. இடது புருவத்தின் மேல் ஒரு பழைய தழும்பு. சிறு வயதில் அறுப்புக் களத்தில் பட்டதாம். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. பக்கவாட்டு ஒளி அதைக் காட்டிக்கொடுத்தது. அப்பத்தா வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாந்தேன்" என்றார்.

அந்தப் படம் இப்போது தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதற்கு மாலை கிடையாது. அதன் அடியில் உட்கார்ந்துதான் அப்பத்தா தினமும் வெற்றிலை இடிக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு வேட்டியும் ஒரு கொடிக்கயிறும் கிடைக்காத வீடு ஏது? அடுத்த விடுமுறை நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.